வைட்டல் சைன்ஸ் (vital signs) என்றால் என்ன? ஆஸ்பத்திரியில் “வைட்டல்ஸ் ஸ்டேபிள்” என்று சொன்னால் நிம்மதியாக இருக்கலாமா?

நாகர்கோவில் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருக்கிறேன். டியூட்டி மாறும்போது எங்கள் வாயில் முதலில் வருவதே “வைட்டல்ஸ் எடுத்தாச்சா?” என்பதுதான்.

உடம்பில் உயிர் ஓடிக்கொண்டிருப்பதையும் அது எப்படி ஓடுகிறது என்பதையும் காட்டும் அடிப்படை அளவுகள்தான் வைட்டல் சைன்ஸ். உடல் வெப்பம், நாடித் துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம் என்று பழைய கணக்கில் நான்கு. விரலில் கிளிப் மாட்டிப் பார்க்கிற ஆக்சிஜன் அளவையும் இப்போது சேர்த்தே எழுதுகிறோம். அமெரிக்காவில் 1990களில் வலியையும் இந்த வரிசையில் சேர்க்கச் சொன்னார்கள், அப்புறம் ஓபியாய்டு என்ற, அடிமையாக்கிவிடும் வலி மாத்திரைகள் கண்டபடி எழுதப்பட்டதில் அதற்கும் பங்கு உண்டு என்ற பேச்சு கிளம்பி, 2016இல் அங்குள்ள மருத்துவர் சங்கமே அதை எடுத்துவிடச் சொன்னது.

பெரியவர்கள் சும்மா இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20, வெப்பம் 98.6 ஃபாரன்ஹீட்டை ஒட்டி, பிரஷர் 120/80 பக்கம், ஆக்சிஜன் 95 சதவீதத்துக்குக் குறையாமல். ஆனால் இந்த எண்களை மட்டும் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு வீட்டில் ஒவ்வொருவரையும் அளந்து பயப்படாதீர்கள். பிறந்த குழந்தைக்கு நாடி 140, மூச்சு 40 என்பதெல்லாம் சாதாரணம். குளச்சலில் கடல் தொழிலுக்குப் போய் உடம்பு இறுகின ஆளுக்கு நாடி 52 இருக்கும், அவர் நன்றாகத்தான் இருப்பார். அதே நேரம், அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாதிரி நாடியைக் குறைக்கும் மாத்திரை போடுகிறவருக்கு உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தாலும் நாடி ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது, வயசானவர்களுக்கு நல்ல நிமோனியா இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் இருக்கலாம். எண் சரியாக இருக்கிறது, ஆள் சரியாக இல்லை என்றால் நான் ஆளைத்தான் நம்புவேன்.

சரி, ஸ்டேபிள் விஷயத்துக்கு வருகிறேன். “சிஸ்டரே, பாட்டாக்கு எப்படி உண்டு?” என்று கேட்பார்கள், “வைட்டல்ஸ் ஸ்டேபிள்” என்று பதில் போகும். அடுத்த நிமிடமே வராந்தாவில் போன்: “ஒண்ணும் பயப்படாண்டாம், நாளைக்கு வீட்டுக்கு விட்டுருவாவ.” அந்தச் சொல்லுக்கு அவ்வளவு பெரிய அர்த்தம் கிடையாது. அளவுகள் இப்போதைக்கு ஆடாமல் நிற்கின்றன, அவ்வளவுதான். வென்டிலேட்டரில் இருப்பவருக்கும், பிரஷரைத் தூக்கிப் பிடிக்க மருந்து ஓடிக்கொண்டிருப்பவருக்கும் கூட ஸ்டேபிள் என்று எழுதலாம், எழுதுகிறோம். அதனால் டாக்டரிடம் “தானா ஸ்டேபிளா இருக்காரா, மருந்து ஓடுறதால ஸ்டேபிளா இருக்காரா? நேத்தைக்கு இன்னைக்கு மருந்தோட அளவு கூடியிருக்கா குறைஞ்சிருக்கா?” என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இந்தக் கூட்டத்தில் யாரும் மதிக்காத ஒன்று மூச்சு. மற்றதுக்கெல்லாம் மிஷின் இருக்கிறது, சாதாரண வார்டில் மூச்சை மட்டும் ஒரு நிமிடம் நின்று கண்ணால் எண்ண வேண்டும். எந்த வார்டிலும் சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள், வரிசையாக 20, 20, 20 என்று இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். ஆனால் உடம்பு கெட்டுப்போகத் தொடங்கும்போது பல நேரம் முதலில் மாறுவது அதுதான். பிரிட்டனில் 2012இல் கொண்டுவந்த, நோயாளி எவ்வளவு மோசமாக இருக்கிறார் என்று மார்க் போடும் முறையில் மூச்சு 25ஐத் தொட்டாலே அந்த ஒன்றுக்கு மட்டும் 3 மார்க். எந்த ஓர் அளவுக்கும் போடுகிற அதிகபட்ச மார்க்கே 3தான், அது வந்தால் உடனே டாக்டருக்குத் தகவல் போக வேண்டும். நம்ம மாவட்டத்திலிருந்து அங்கே வேலைக்குப் போன நர்ஸ் பிள்ளைகள் யாராவது உங்கள் வீட்டிலும் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

எண்ணுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. “மூச்சை எண்ணப் போறேன்” என்று சொல்லிவிட்டால் ஆள் யோகா வகுப்பில் உட்கார்ந்த மாதிரி நிதானமாக இழுத்து விடத் தொடங்கிவிடுவார். அதனால் நாடியை எண்ணி முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, பார்வையை மட்டும் நெஞ்சுக்கு மாற்ற வேண்டும். போர்த்தியிருந்தால் வயிற்றுப் பக்கம் போர்வையின் மடிப்பு ஏறி இறங்குவதை எண்ணலாம். கழுத்துக் குழி உள்ளே இழுபடுகிறதா, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறாரா என்பதும் அந்த நேரத்திலேயே தெரிந்துவிடும்.

சைன்ஸ் ஆஃப் லைஃப் (signs of life) என்பதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது ஆள் இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வி. முட்டத்திலோ சங்குத்துறையிலோ கடலில் இருந்து ஒருவரைத் தூக்கிக் கரையில் போட்டால் அங்கே பிரஷர் பார்க்க யாருக்கும் நேரமில்லை. தட்டிக் கூப்பிட்டால் அசைகிறாரா, ஒழுங்காக மூச்சு விடுகிறாரா என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும். விட்டுவிட்டுக் கேவி இழுப்பது மூச்சுக் கணக்கில் சேராது. இரண்டும் இல்லையென்றால், பயிற்சி இல்லாதவர்கள் நாடியைத் தேடிக்கொண்டு நிற்காமல் 108க்குச் சொல்லிவிட்டு நடு நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்கத் தொடங்க வேண்டும். தண்ணீரில் மூழ்கியவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதும் முக்கியம், தெரிந்தவர்கள் அதை முதலில் செய்யலாம்.

வைட்டல் சைன்ஸ் என்ற சொல்லின் பயன்பாடு என்று பார்த்தால் பெரும்பாலும் பன்மையில்தான் வரும். எடுக்கிறோம், பார்க்கிறோம், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சார்ட்டில் ஏற்றுகிறோம். ஆஸ்பத்திரிக்கு வெளியேயும் ஓடுகிற சொல்தான், பூமியின் வெப்பம், கடல் மட்டம், பனிப்பாறை அளவுகளை நாசா தன் இணையதளத்தில் வைட்டல் சைன்ஸ் என்ற பெயரில்தான் போட்டு வந்தது. தமிழில் எழுதினால் நான் உயிர்க்குறிகள் என்று எழுதுவேன், வார்டில் போய் அப்படிச் சொன்னால் மட்டும் என் கூட்டாளிகளே திரும்பிப் பார்ப்பார்கள்.