வாசகர் கேள்வி – பதில்: யாங்கோன் நகரத்துப் பறவைகள்

சென்ற இதழில் நம் நகரத்துப் பறவைகளைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காக்கையைப் பற்றியே இருந்தன. எனவே இம்முறை காக்கைக்குச் சற்று அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: ஒரு வாரமாக எங்கள் தெருமுனை மரத்தடியில் போகும்போதெல்லாம் ஒரு காக்கை பின்னாலிருந்து பறந்து வந்து என் தலையில் தட்டுகிறது. மற்றவர்களை விட்டுவிட்டு என்னையே தேடி வருவது போலத் தோன்றுகிறது. சனீஸ்வரனின் வாகனம் தலையில் தட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று என் மாமியார் மிகவும் கலங்குகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, தாம்வே

பதில்: சனிக்கிழமை கோயிலுக்குச் சென்று எள் விளக்கு ஏற்றுவது தங்கள் மாமியாருக்கு ஆறுதல் தருமானால் அவர் தாராளமாக ஏற்றட்டும். ஆயினும் அந்தக் காக்கையின் கவலை முழுவதும் அதன் குஞ்சைப் பற்றியது என்பதை அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முந்திய மாதங்களில் இங்குள்ள காக்கைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. முட்டை பொரிய ஏறக்குறைய 16 அல்லது 17 நாட்கள் ஆகும். அதன் பின் மூன்று, நான்கு வாரங்களில் குஞ்சு கூட்டை விட்டு வெளியே வந்துவிடும். ஆனால் அப்போது அதற்குச் சரியாகப் பறக்கத் தெரியாது. தாழ்ந்த கிளையிலோ, மதில் மேலோ, சில வேளை சாக்கடை ஓரத்துத் தரையிலோ அது உட்கார்ந்திருக்கும். உடலளவில் ஏறக்குறைய தாயைப் போலவே இருப்பதால் அதைக் குஞ்சு என்று நாம் உணர்வதில்லை. வாலின் குட்டையையும், இரை கேட்டு வாய் திறக்கும்போது உள்ளே தெரியும் இளஞ்சிவப்பையும் பார்த்தே கண்டுகொள்ள வேண்டும். தாங்கள் அறியாமல் அதன் அருகே நடக்கிறீர்கள். தாயும் தந்தையும் தங்களை விரட்டுகின்றன.

தங்களை மட்டும் தேடி வருவதாகத் தாங்கள் எண்ணுவதை வெறும் மனப்பிரமை என்று நான் தள்ளிவிட மாட்டேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2006ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் குகை மனிதனின் முகமூடியை அணிந்துகொண்டு சில காக்கைகளைப் பிடித்து, கால்வளையம் மாட்டி, விடுவித்தார்கள். அதன் பிறகு அதே முகமூடியுடன் எவர் அந்த வளாகத்தில் நடந்தாலும் காக்கைகள் கூடிக் கத்தி விரட்டின. பிடிபடாத காக்கைகளும் அதில் சேர்ந்துகொண்டன. ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பகை தீரவில்லை. வேறு முகமூடி அணிந்தவர்களை அவை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. அது அமெரிக்கக் காக்கை, நம்முடையது வேறு இனம் என்றாலும், காக்கைக் குடும்பத்தின் நினைவாற்றலை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. குஞ்சு வெளிவந்த முதல் நாளில் தாங்கள் அதற்கு மிக அருகில் சென்றிருக்கலாம், அல்லது கையை ஓங்கியிருக்கலாம்.

இரண்டு வாரம் வரை எதிர்ப்பக்கமாக நடந்து செல்லுங்கள். முடியாதபோது குடை பிடித்துக்கொள்ளுங்கள். காக்கை பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்தே பாயும். திரும்பி அதை நேராகப் பார்த்தால் பெரும்பாலும் விலகிவிடும். கல் எறிய வேண்டாம், பகை நீளும். தரையிலிருக்கும் குஞ்சை இரக்கப்பட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் வேண்டாம். அதைப் பெற்றவை பக்கத்திலேயே இருக்கின்றன.

கேள்வி: இவ்வாண்டு அனவ்ரதா சாலையில் ஆறாம் மாடி வீட்டுக்குக் குடிவந்தோம். என் தந்தையார் மறைந்த பின் வந்த முதல் ஆடி அமாவாசையன்று பால்கனியில் இலை போட்டுச் சோறு வைத்தேன். நெடுநேரம் அழைத்தும் ஒரு காக்கை கூட வரவில்லை. பிதுர்களுக்கு மனக்குறை இருந்தால்தான் இப்படி ஆகும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.
– ஒரு வாசகர், யாங்கோன்

பதில்: ஐயா, தங்கள் தந்தையாருக்குத் தங்கள் மீது மனக்குறை இருப்பதற்கு இதில் எந்த அறிகுறியும் இல்லை. காக்கை புதிய இடத்தையும் புதிய பொருளையும் கண்டு அஞ்சும் பறவை. பழைய வீட்டில் பல ஆண்டுகளாக ஒரே மதிலில் சோறு வைத்திருப்பீர்கள். அங்கிருந்த காக்கைகளுக்கு அந்த மதிலும் அந்த நேரமும் வைப்பவரின் முகமும் பழகியிருக்கும். இந்தப் பால்கனியோ அவற்றுக்கு முற்றிலும் அந்நியம். மேலும் கீழே சந்தையும் தேநீர்க்கடைகளும் அவற்றின் கழிவுகளும் இருக்கையில், ஆறாம் மாடிக்கு ஏறி வந்து பார்க்க வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை.

நாள்தோறும் காலையில், சாப்பிடுமுன், ஒரே இடத்தில் ஒரு கைப்பிடிச் சோறு வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுங்கள்; நின்று பார்க்க வேண்டாம். பல நாட்களுக்குப் பிறகு ஒரு காக்கை வரும். நேரே இலைக்கு வராது. கைப்பிடிச் சுவரில் பக்கவாட்டாக உட்கார்ந்து, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் சோற்றையும் மறுமுறை சாய்த்துக் கதவையும் பார்க்கும். இரண்டு தத்தல் முன்னே வந்து, ஒரு பருக்கையைக் கவ்வியதும் துள்ளிப் பின்வாங்கும். எதுவும் நேரவில்லை என்று கண்ட பிறகே கரைந்து மற்றவற்றை அழைக்கும். காக்கை தன் இனத்தைக் கூப்பிட்டு உண்பதை நம் முன்னோர் இப்படிப் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். தை அமாவாசைக்குள் தங்கள் பால்கனியும் அவற்றின் வழக்கமான இடங்களில் ஒன்றாகிவிட வாய்ப்பு மிகுதி. அதுவரை, திதியன்று மட்டும் பழைய தெருவுக்கோ கோயில் வளாகத்துக்கோ சென்று சோறு வைக்கலாம். அதில் தவறு எதுவும் இல்லை.

கேள்வி: சிவகங்கையில் உள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அங்குள்ள காக்கைகளின் கழுத்து நல்ல சாம்பல் நிறமாக இருப்பதைக் கண்டேன். நம் ஊர்க் காக்கை அப்படி இல்லையே?
– ஒரு வாசகர், பெகு

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே இனம்தான். ஆனால் பர்மாவின் தென்பகுதியில் உள்ளது தனி உள்ளினம். அதன் கழுத்தில் சாம்பல் நிறம் மிகவும் மங்கிக் கருமையோடு கலந்திருக்கும். பறவையியலாளர் ஹியூம் 1874ஆம் ஆண்டிலேயே இதை வேறுபடுத்தி எழுதியிருக்கிறார்.

கேள்வி: திஞ்சான் தண்ணீர்த் திருவிழா நெருங்கும்போது மட்டும் குயில் விடியுமுன்பே கூவத் தொடங்கிவிடுகிறது. மற்ற மாதங்களில் அது எங்கே போகிறது? காக்கைக் கூட்டில் முட்டையிடுவது உண்மையா?
– ஒரு மாணவி, திங்கன்ஜுன்

பதில்: அது எங்கும் போவதில்லை, மற்ற மாதங்களில் வாய் திறவாமல் ஆல், அத்தி போன்ற மரங்களின் இலைகளுக்குள் பழம் தின்றுகொண்டிருக்கும். திஞ்சானை ஒட்டிப் படௌக் மரம் பூக்கும் காலத்தில் அது கூவுவதற்குக் காரணம் காக்கைதான். காக்கை கூடு கட்டும்போதே குயிலும் முட்டையிட்டாக வேண்டும். கூவுவது ஆண் குயில். உடல் முழுதும் கறுப்பாகவும் கண் சிவப்பாகவும் இருக்கும். பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகளோடு இருக்கும். அதன் குரல் ‘கிக் கிக்’ என்ற கூர்மையான ஒலி. குயில் என்றாலே பாடும் பெண் என்று நினைத்துப் பழகிய நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்.

காக்கைக் கூட்டில் முட்டையிடுவது முற்றிலும் உண்மை. குயிலின் முட்டை சற்றுச் சிறியது என்றாலும் நிறத்தில் காக்கை முட்டையை ஒத்திருக்கும். அதைவிடச் சில நாட்கள் முன்னதாகவே பொரித்துவிடும். ஆகவே இரை கேட்பதில் குயில் குஞ்சுக்கு முதலிடம் கிடைக்கிறது. எனினும் அது காக்கைக் குஞ்சுகளை எப்போதும் வெளியே தள்ளிவிடுவதில்லை; பல கூடுகளில் இரண்டும் சேர்ந்தே வளர்கின்றன. குயிலின் குரலைக் கேட்டு மகிழ்பவர்கள் காக்கைக் கூட்டைக் கண்டதும் கழி கொண்டு கலைத்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அந்தக் கூட்டில் வளர்வது அவர்கள் விரும்பும் அதே குயிலாகவும் இருக்கலாம்.

கேள்வி: என் மகனின் நண்பர்கள் பிறந்தநாளன்று பகோடா வாசலில் கூண்டுக் குருவிகளை விலை கொடுத்து வாங்கிப் பறக்கவிடுகிறார்கள். அவனும் அப்படிச் செய்ய ஆசைப்படுகிறான். புண்ணியம்தானே என்று நானும் நினைக்கிறேன். தங்கள் கருத்து என்ன?
– ஒரு தாய், இன்செயின்

பதில்: அம்மா, சிறையிருக்கும் உயிரை விடுவிக்க ஒரு பிள்ளை ஆசைப்படுவதில் குறை காண எதுவுமில்லை. பர்மிய நண்பர்கள் இதை உயிர்த்தானமாக எண்ணி உண்மையான பக்தியோடு செய்கிறார்கள். ஆனால் அந்தக் கூண்டுக்குள் இருக்கும் பறவையின் பக்கத்திலிருந்து நடப்பதைப் பார்த்தால், இதை வேண்டாம் என்றுதான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கூண்டுகளில் இருப்பவை பெரும்பாலும் சில்லைகளும் சிட்டுக்குருவிகளும் தூக்கணாங்குருவிகளுமே. இவை யாரும் வளர்த்தவை அல்ல. பறக்கவிடுவதற்காகவே வயல்வெளிகளில் வலை விரித்துப் பிடிக்கப்பட்டவை. சில்லை கூட்டமாக வாழ்ந்து புல் விதைகளைத் தின்னும் பறவை. அதை நெருக்கமான கூண்டில் அடைத்து, வெயிலில் வைத்து, பேருந்தில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டு வருவதற்குள் பல இறந்துவிடுகின்றன. கூண்டுக்கு அருகில் குனிந்து பாருங்கள்: வால் இறகுகள் கம்பியில் உரசி ஒடிந்திருக்கும், அலகின் அடிப்பகுதி காயப்பட்டிருக்கும், வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் விடுவிக்கப்படும் பறவை, தன் கூட்டமும் தனக்குத் தெரிந்த நீர்நிலையும் இல்லாத நகரத்தின் நடுவில் வந்து விழுகிறது. சில பறவைகள் அடுத்த மரம் வரை கூடப் பறப்பதில்லை. சில மறுபடியும் பிடிபடுகின்றன. நாம் கொடுக்கும் பணமே அடுத்த வலையை விரிக்கச் செய்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பெரிதும் உறுத்துவது. வாங்குவோர் இல்லையென்றால் அந்தப் பறவை பிடிபட்டிருக்கவே செய்யாது.

மகனின் ஆசையை வீணாக்க வேண்டாம். நம் தெருக்களில் நெற்கதிர்க் கொத்துகளைக் கட்டி விற்கிறார்கள் அல்லவா? ஒரு கொத்தை வாங்கி அவன் கையாலேயே சன்னலுக்கு வெளியே கட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் ஓர் அகன்ற மண்சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வைத்து, நாள்தோறும் மாற்றச் சொல்லுங்கள். அவனுடைய நண்பர்களை மட்டும் இதற்காகக் கடிந்து பேச வேண்டாம். சிட்டுக்கள் வந்து தின்னத் தொடங்கியதும் அவர்களையும் வீட்டுக்கு அழைத்துக் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் சன்னலில் கட்டிய நெற்கதிருக்கு வரும் குருவிகள் எல்லாவற்றுக்கும் கன்னத்தில் ஒரு கரும்பொட்டு இருக்கிறது. ஆண் எது, பெண் எது என்று தெரியவில்லை.
– ஒரு வாசகி, தாட்டன்

பதில்: பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல இயலாது. அது மரச்சிட்டு என்னும் இனம். தலை செம்பழுப்பாகவும் கன்னம் வெள்ளையாகவும் இருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தோற்றத்தில் வேறுபாடில்லை. தமிழ்நாட்டு வீடுகளில் காணும் சிட்டுக்குருவி இதன் உறவினம். அதில் ஆணின் உச்சந்தலை சாம்பல் நிறம், கன்னத்தில் பொட்டு கிடையாது. சீனாவில் 1958ஆம் ஆண்டு தானியத்தைத் தின்கிறது என்று குற்றம் சாட்டி நாடு முழுவதும் விரட்டிக் கொன்றது இந்த மரச்சிட்டைத்தான். சிட்டுக்கள் தம் குஞ்சுகளுக்குத் தானியத்தைவிடப் பூச்சிகளையே மிகுதியாக ஊட்டுகின்றன. அவை அழிந்ததும் பயிர்ப்பூச்சிகளும் வெட்டுக்கிளிகளும் பெருகிவிட்டன. 1960இல் அழிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து சிட்டை நீக்கி, அவ்விடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

கேள்வி: மேல்மாடிக்காரர் நாள்தோறும் புறாக்களுக்குச் சோளம் இறைக்கிறார். எச்சம் முழுவதும் எங்கள் சன்னலில் விழுகிறது. என் கணவருக்கு இளைப்பு நோய். சொன்னால் பாவம் என்கிறார்.
– ஒரு வாசகி, போட்டடாங்

பதில்: தங்கள் குறை நியாயமானது. காய்ந்த புறா எச்சத்தின் தூளை மூச்சில் இழுப்பது நுரையீரல் நோய் உள்ளவர்களுக்குக் கெடுதல். அதன் வழியே பூஞ்சைத் தொற்றும் வரக்கூடும். உலர்ந்த எச்சத்தை ஒருபோதும் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஊறவைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு துடைத்தெடுங்கள். அதைச் செய்பவர் தங்கள் கணவராக இருக்க வேண்டாம்.

மேல்மாடிக்காரரிடம் பேசும்போது புறாவைப் பழிக்காமல் பேசுங்கள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து, தொண்டைப் பையில் ஊறும் பாலை இரண்டுமே குஞ்சுக்கு ஊட்டும் பறவை அது. அதன் மீது அவர் அன்பு வைத்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் இரை குறைவில்லாமல் கிடைக்கும் இடத்தில் புறா ஆண்டு முழுவதும் முட்டையிடும். இன்று இறைக்கும் சோளம் அடுத்த ஆண்டு இன்னும் பல புறாக்களாகிச் சன்னல் விளிம்புகளில் குச்சி வைக்கும். சூலே பகோடா பக்கம் காலை நடைக்குப் போகும்போது அங்கே இறைத்தால், அவருடைய தர்மமும் குறையாது, தங்கள் வீட்டுக்கும் தொல்லை இருக்காது. அதற்குள் தங்கள் சன்னல் விளிம்பில் ஒரு பலகையைச் சரிவாகப் பொருத்திவிடுங்கள். சரிவில் புறா அமராது. ஏற்கனவே முட்டையோ குஞ்சோ இருந்தால் அவை பறந்துபோகும் வரை பொறுத்திருந்து பொருத்துங்கள்.

கேள்வி: டலா படகுத்துறையில் குளிர்காலத்தில் வரும் வெள்ளைப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன? என்ன கொடுக்கலாம்?
– ஒரு வாசகர், டலா

பதில்: அவை பழுப்புத்தலைக் கடற்புறாக்கள். திபெத்திய மேட்டுநிலத்திலும் மத்திய ஆசியாவிலும் உள்ள உயரமான ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வருகின்றன. வந்திருக்கும்போது தலை வெள்ளையாகவும் கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளியோடும் இருக்கும். திரும்பும் காலம் நெருங்கும்போதுதான் தலை பழுப்பாகும். எண்ணெயில் பொரித்த தின்பண்டங்களைத் தவிர்த்து, உப்பில்லாத சிறு மீன் துண்டுகளைக் கொஞ்சமாக வீசுங்கள். அவை ஆற்றில் இயல்பாகத் தேடித் தின்பதும் மீன்தான். பிளாஸ்டிக் உறையைப் படகிலிருந்து வெளியே விட வேண்டாம். இரை என்று எண்ணி அதையும் கொத்தும்.