கேளுங்கள், சொல்கிறேன்: அளவு மீறிய நாய்கள்

சென்ற இதழில் ஒரு ராட்வைலரின் மூட்டுத் தேய்மானத்தைப் பற்றி எழுதும்போது, "இனத்துக்கு உரிய அளவைத் தாண்டி வளர்ந்த நாய்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்குக் கோபமாகவும் கவலையாகவும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. கால்நடை மருத்துவராக 26 ஆண்டுகளாக மனதில் வைத்திருந்த விஷயம் இது. அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

என் ஆண் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு 14 மாதம் ஆகிறது. உயரம் 70 சென்டிமீட்டர், எடை 46 கிலோ. "இதுதான் அசல் அளவு, மற்றவை எல்லாம் குட்டையாகிப் போனவை" என்று சொல்லித்தான் குட்டியைக் கொடுத்தார்கள். கண்காட்சியில் நடுவர் அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டு வெளியே அனுப்பிவிட்டார். என் நாய் கலப்பினமா டாக்டர்?

உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டு கலப்பினம் என்று சொல்ல யாராலும் முடியாது. தூய வம்சத்திலேயே தலைமுறை தலைமுறையாகப் பெரியதாகப் பார்த்துப் பொறுக்கி இணை சேர்த்தால் இப்படித்தான் வரும். உங்கள் நாய் மீது ஒரு குற்றமும் இல்லை.

ஆனால் "அசல் அளவு" என்றார்களே, அது பொய். 1899இல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் ஜெர்மனியில் இந்த இனத்துக்கென்று சங்கம் தொடங்கியபோது அவர் தேடியது மந்தையைச் சுற்றி நாள் முழுக்க ஓடக்கூடிய உழைப்பாளி நாயை. அது நடுத்தர உருவம் கொண்டது. இன்றைய சர்வதேசத் தரநிலையும், அதாவது இந்த இனத்து நாய் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த விதியும், அதைத்தான் சொல்கிறது: ஆணுக்கு 60 முதல் 65 சென்டிமீட்டர், 30 முதல் 40 கிலோ, பெண்ணுக்கு 55 முதல் 60 சென்டிமீட்டர், 22 முதல் 32 கிலோ. இதில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடினாலும் குறைந்தாலும் தகுதி நீக்கம்தான். நடுவர் விதிப்படியே நடந்திருக்கிறார்.

ஒன்று செய்யுங்கள். வீட்டில் அளந்த 70ஐ மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள். தலை உச்சியிலிருந்து அளப்பவர்கள் உண்டு, நாடாவை உடம்பின் வளைவோடு படியவிட்டு அளப்பவர்கள் உண்டு. இரண்டும் தவறு. சமமான கெட்டித் தரையில் நான்கு கால்களும் நேராக ஊன்றி நிற்க வேண்டும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் தோள் எலும்புகள் சேரும் மேட்டை விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். அங்கே மயிரை அழுத்திவிட்டுக் கிடைமட்டமாக ஒரு பலகையை வைத்து, தரை வரை நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். "70" என்று பெருமையோடு வந்த எத்தனையோ நாய்கள் என் மருத்துவமனைத் தரையில் 66ஆக இறங்கியிருக்கின்றன. உங்கள் நாய் 65ஐத் தாண்டிவிட்டது என்பதை நடுவரின் கோலே சொல்லிவிட்டது. எவ்வளவு தாண்டியது என்பதுதான் இனி தெரிய வேண்டும்.

ஐந்து சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 65லிருந்து 70 என்பது உயரத்தில் எட்டு சதவீதம்கூட இல்லை. ஆனால் உடல் எல்லாப் பக்கமும் அதே விகிதத்தில் பெருத்தால் எடை ஏறக்குறைய 25 சதவீதம் ஏறும். அந்த எடையைச் சுமக்கும் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ 16 சதவீதம்தான் கூடும். மீதியை மூட்டுகள்தான் தாங்கியாக வேண்டும்.

என்னிடம் பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்த ஒரு நாயின் உருவம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஏழு வயது, 71 சென்டிமீட்டர், கம்பீரமான முகம். எழ வேண்டுமென்றால் முதலில் முன்னங்கால்களை ஊன்றி, மார்பை மட்டும் தூக்கிக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருப்பான். பிறகு பின்னங்கால்களை ஒவ்வொன்றாக உடம்புக்கு அடியில் இழுப்பான். நகங்கள் தரையில் கீறும் சத்தம் கேட்கும். மூன்றாவது முயற்சியில்தான் எழுந்து நிற்பான். நின்றதும் வாலை ஆட்டுவான். வீட்டாருக்கு அந்த வால் மட்டும்தான் தெரிந்தது. எக்ஸ்ரே படத்தில் நான் பார்த்த இடுப்பு மூட்டில், கிண்ணத்துக்குள் பந்து போலப் பொருந்தியிருக்க வேண்டிய இடத்தில், பந்துமில்லை, கிண்ணமுமில்லை.

ஆகவே இப்போதே இடுப்புக்கும் முழங்கைக்கும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எடையை ஏற விடாதீர்கள். விலாவில் கை வைத்தால் அழுத்தாமலேயே எலும்பு தட்டுப்பட வேண்டும். 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து, ஆயுள் முழுதும் கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2002இல் வெளியாயின. குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி நாய்கள் தாண்டிய வயது, 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. பெரிய நாய்க்கு நீங்கள் கொடுக்கக்கூடிய மருந்துகளில் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியாது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அவனை இணை சேர்க்காதீர்கள். "இவ்வளவு பெரிய நாயின் குட்டி வேண்டும்" என்று கேட்டு ஆட்கள் வருவார்கள். மறுத்துவிடுங்கள்.

ஆறு மாதத்திலேயே கருத்தடை செய்தால் நாய் இன்னும் உயரமாக வளரும் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை. எலும்பின் முனையில் உள்ள வளர்ச்சித் தட்டுகளை மூடச் சொல்வது பாலின ஹார்மோன்கள். அவை நின்றுவிட்டால் தட்டு தாமதமாக மூடும், கால் சற்று நீளும். பெரிய இனங்கள் பலவற்றில் மிகச் சிறு வயதில் செய்தால் மூட்டுக் கோளாறு கூடுவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. எப்போது செய்வது என்று உங்கள் மருத்துவரிடம் இனத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

தரநிலையே மனிதன் எழுதியதுதானே? எங்கோ உட்கார்ந்து நாலு பேர் எழுதிய எண்ணுக்காக நல்ல நாயை ஒதுக்குவது அநியாயம் இல்லையா?

பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறீர்கள். லாப்ரடாரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் தரநிலையில் ஆணின் சிறந்த உயரம் 56 முதல் 57 சென்டிமீட்டர். அமெரிக்காவில் 22.5 முதல் 24.5 அங்குலம், அதாவது 57இல் தொடங்கி 62 வரை. 60 சென்டிமீட்டர் நாய் ஒன்று அமெரிக்காவில் கச்சிதமானது. கடலைத் தாண்டினால் நெட்டை. 1994இல் அமெரிக்கத் தரநிலையில், அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தகுதி நீக்கம் என்று சேர்த்தபோது, தங்கள் குட்டையான நாய்கள் வெளியேற்றப்படுகின்றன என்று வளர்ப்பாளர்கள் நீதிமன்றத்துக்கே போனார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. நல்ல நாயை ஒரு விரற்கடைக்காக ஒதுக்குவதில் எனக்கும் உடன்பாடில்லை.

இன்னும் சொல்வேன். தவறு தரநிலைகளிலேயே இருப்பதுண்டு. ஐரிஷ் உல்ஃப்ஹவுண்டுக்கு ஆணின் குறைந்தபட்ச உயரம் 79 சென்டிமீட்டர் என்று எழுதிவைத்தவர்கள் மேல் வரம்பு எதையும் வைக்கவில்லை. கிரேட் டேனுக்குச் சர்வதேசத் தரநிலை இப்போது ஆண் 90ஐத் தாண்டக் கூடாது என்கிறது. எல்லா ராட்சத இனங்களுக்கும் இப்படி ஒரு கூரை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏனென்றால் கீழே மட்டும் கோடு போட்டால் போட்டி மேல்நோக்கித்தான் ஓடும். 65 என்ற எண் புனிதமானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த எண்ணும் வேண்டாம் என்றால் அங்கே விலை பேசுபவரின் ஆசைதான் அளவுகோலாகும். அந்த ஆசைக்கு முழங்காலும் கிடையாது, இடுப்பும் கிடையாது.

கிரேட் டேன் குட்டி வாங்கப் போகிறேன். தந்தை நாய் 95 சென்டிமீட்டர் என்கிறார்கள். இருப்பதிலேயே பெரிதாக வளர்க்க என்னென்ன கொடுக்க வேண்டும்?

இந்தக் கடிதத்தை நான் இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். கோபத்தில் பதில் எழுதக் கூடாது என்பதற்காக.

உலகின் மிக உயரமான நாய் என்று கின்னஸில் இடம்பெற்ற ஸீயஸ், அமெரிக்காவின் மிச்சிகனில் வாழ்ந்த கிரேட் டேன். உயரம் 111.8 சென்டிமீட்டர். 2014இல் இறந்தபோது ஆறு வயது நிறையவில்லை. அதே பெயரில் டெக்ஸஸில் இருந்த இன்னொரு கிரேட் டேனுக்கும், அப்போது உயிரோடிருந்த ஆண் நாய்களில் மிக உயரமானது என்று கின்னஸில் இடம் கிடைத்தது. எலும்புப் புற்றுநோய்க்காகக் கால் ஒன்றை எடுத்தார்கள். 2023இல் மூன்று வயதிலேயே போய்விட்டது. 74 இனங்களை ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, உடல் எடையில் ஏறத்தாழ ஒவ்வொரு இரண்டு கிலோவுக்கும் ஆயுளில் ஒரு மாதம் குறைகிறது என்று கணக்கிட்டது. பெரிய நாய்கள் வேகமாக முதுமை அடைகின்றன. உங்கள் குட்டிக்கு ஏற்கெனவே ஆண்டுகள் குறைவு. இன்னும் குறைக்கும் வழியை என்னிடம் கேட்காதீர்கள்.

எதையும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். முக்கியமாகக் கால்சியம் மாவு. சிறு குட்டியின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தைத் தடுக்கத் தெரியாது. கொடுத்ததையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு எலும்பு கோணலாகும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே சமன்செய்த உணவு போதும். வயிறு புடைக்க ஒரே வேளையில் போடாதீர்கள், பிரித்துக் கொடுங்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் அது இரைப்பை முறுக்கு. அப்போது விடியும்வரை காத்திருக்கக் கூடாது, அந்த நிமிடமே கிளம்புங்கள்.

வாங்கும் இடத்தில் தந்தையின் உயரத்தை விட்டுவிடுங்கள். தாய், தந்தை இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் இதய ஸ்கேனையும் காட்டச் சொல்லுங்கள். பிறகு, அவற்றின் பெற்றோர் எத்தனை வயதில், எதனால் இறந்தன என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் குட்டியை வாங்காமல் திரும்பிவிடுங்கள். பதில் கிடைத்தால் அதை எனக்கும் எழுதுங்கள். வாங்கலாமா என்று சேர்ந்தே பார்ப்போம்.