பவளத்தீவுகளுக்குச் சிறு கப்பலில்: கேளுங்கள், சொல்கிறேன்

பவளத்தீவுகளுக்கு இடையே ஓடும் சிறு கப்பல்களில் இயற்கை வழிகாட்டியாக வேலை பார்க்கிறேன். எந்த நிறுவனத்துக்கும் ஏஜென்ட் இல்லை, அதனால் எது மலிவு என்று மட்டும் கேட்காதீர்கள். மற்றதெல்லாம் கேட்கலாம்.

கேள்வி: பெரிய உல்லாசக் கப்பலைவிடப் பல மடங்கு பணம் கேட்கிறார்கள். ஒரு நீச்சல் குளம்கூட இல்லை. எதற்கு சார் இவ்வளவு?

பதில்: பெரிய கப்பலில் எரிபொருள், மாலுமி, சமையல் செலவையெல்லாம் மூவாயிரம் பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இங்கே பன்னிரண்டு பேரோ முப்பது பேரோ, மிஞ்சிப்போனால் நூறு பேரோதான். ஆளைக் குறைப்பது கௌரவத்துக்காகவும் இல்லை. கலாபகஸ் தீவுகளைச் சுற்றும் கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது, 16 பேருக்கு ஒரு வழிகாட்டி வேண்டும் என்பது அங்கே விதி. தவிர, சிறு கப்பலின் அடிப்பாகம் தண்ணீருக்குள் மூன்று நான்கு மீட்டர்தான் இறங்கியிருக்கும். பெரிய கப்பல் தூரத்தில் நின்று பார்க்கும் இடத்துக்குள் நாம் நுழைந்துவிடலாம். சாயங்காலம் ஆட்டம் பாட்டு வேண்டும் என்றால் பெரிய கப்பலே சரி, தப்பாக நினைக்க மாட்டேன்.

கேள்வி: படங்களில் எல்லாக் கப்பலும் அழகாகத்தான் இருக்கின்றன. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: கப்பலைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதன் ரப்பர் படகுகளைப் பாருங்கள். அறையில் தூங்கத்தான் போகிறீர்கள். தீவில் இறங்குவது, பவளத்தின் மேல் மிதப்பது, மழை வந்தால் திரும்பி ஓடிவருவது எல்லாம் அந்தப் படகில்தான். ‘எல்லாப் பயணிகளையும் ஒரே நேரத்தில் இறக்கப் படகுகள் போதுமா, இல்லை பாதிப் பேர் கப்பலிலேயே காத்திருக்க வேண்டுமா?’ என்று கேளுங்கள். தண்ணீரில் இறங்கும்போது எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை முறை கீழே இறக்குவீர்கள் என்றும் கேட்டுவிடுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் உடனே பதில் சொல்வார்கள். பதிலுக்கு மெத்தையையும் மெனுவையும் பற்றிப் பேசினால் அடுத்த கப்பலைப் பார்க்கலாம்.

கேள்வி: எந்த மாதம் போவது நல்லது?

பதில்: எந்தக் கடல் என்று சொல்லாமல் மாதம் சொல்ல முடியாது. தென் பசிபிக்கிலும் ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃபிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை. நிலநடுக்கோட்டை ஒட்டி ஐந்து பாகைக்குள் புயல் உருவாவது மிக அபூர்வம். பூமியின் சுழற்சி காற்றைத் திருகிவிடும் விசை அங்கே அவ்வளவு பலவீனம். இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் அந்தப் பட்டைக்குள்தான் இருக்கிறது. ஆனால் புயல் இல்லை என்றால் அலையும் இல்லை என்று அர்த்தமில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று அங்கே கடலைக் கலக்கிவிடும். அந்த மாதங்களில் பல படகுகள் இந்தோனேசியாவிலேயே இருக்கும் கொமோடோ தீவுப் பக்கம் போய்விட்டு, அக்டோபரில் ராஜா அம்பாட்டுக்குத் திரும்பும். ஏப்ரல் வரை அங்கே நல்ல காலம்.

சில சமயம் ‘மோசமான’ பருவம்தான் நல்ல பருவமாகவும் அமையும். மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் பளிச்சென்று இருக்கும். ஆனால் அங்கே பா அட்டோல் என்ற வட்டப் பவளத்தீவில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் மான்டா திருக்கைகள் கூட்டமாக வருவது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில். காற்று ஒதுக்கிவிடும் மிதவை உயிரிகளைத் தின்ன வருகின்றன. மழையில் நனையத் தயார் என்றால் மான்டா, வெயில் வேண்டும் என்றால் வெறும் நீலத் தண்ணீர். எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: தம்பி, எனக்கு வயது 68. முட்டி வலி வேறு. ஆடுகிற படகில் ஏறி இறங்க முடியுமா?

பதில்: முடியும் ஐயா, முறையைத் தெரிந்துகொண்டால். கப்பலின் பின்பக்க மேடையில் ஒருவர் நிற்பார், படகில் ஒருவர். இரண்டு பேரும் உங்கள் உள்ளங்கையைப் பிடிக்க மாட்டார்கள். முன்கையைப் பிடிப்பார்கள், நீங்களும் அவர்களுடைய முன்கையைப் பிடிக்க வேண்டும். ஈரக் கை வழுக்கினாலும் இந்தப் பிடி விடாது. அதனால் கேமரா, தடி, தொப்பி எதுவும் கையில் இருக்கக் கூடாது. முதுகுப் பையில் போட்டுவிடுங்கள். அலை படகை மேலே தூக்கும் நேரத்தில் ‘இப்போது’ என்பார்கள். ஒரே எட்டு. உள்ளே வந்ததும் நிற்காமல் ரப்பர் விளிம்பில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர வேண்டும்.

கரையில் இறங்கும்போது துறை இருந்தால் சுலபம். வெறும் மணல் கரை என்றால் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும். அப்போது படகு விளிம்பில் உட்கார்ந்து, காலைப் பின்பக்கமாகச் சுழற்றி வெளியே போட்டு இறங்குங்கள். முன்பக்கம் இறங்கினால் அடுத்த அலை படகைத் தள்ளிக்கொண்டு வந்து உங்கள் மேலேயே மோதும். முட்டி வலியை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். கடைசி ஆளாக நிதானமாக இறக்குவார்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கேள்வி: நீச்சல் தெரியாது. வந்து பிரயோஜனம் உண்டா?

பதில்: உண்டு. பல கப்பல்களில் கண்ணாடி அடிப்படகு இருக்கிறது. மிதவை ஜாக்கெட் போட்டுக்கொண்டு வழிகாட்டியின் வளையத்தைப் பிடித்தபடி மிதக்கவும் செய்யலாம். ஆனால் முகமூடியும் மூச்சுக்குழாயும் வைத்துக்கொண்டு மூச்சு விடுவதைக் கிளம்பும் முன்பே இடுப்பளவுத் தண்ணீரில் பழகிவிட்டு வாருங்கள். நடுக்கடல் அதற்கான பள்ளிக்கூடம் இல்லை. இன்னொன்று, ஸ்நார்க்கெலிங்கில் சிக்கலில் மாட்டுகிறவர்கள் கத்துவதில்லை, கை ஆட்டுவதில்லை. சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள். அதனால் ஜோடியாகத்தான் போக வேண்டும். இதய நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, எனக்கு பஸ்ஸிலேயே வாந்தி வரும்...

பதில்: கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை கேளுங்கள் தம்பி, அங்கேதான் ஆட்டம் குறைவு. மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும், கப்பல் நகரும் முன்பே போட வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டையை கிளாகோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்களும் ப்ராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. அப்புறம், போனைக் கீழே வையுங்கள். தொடுவானத்தைப் பாருங்கள்.

கேள்வி: நான் போன பயணத்தில் ஐந்து தீவு என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டு மூன்றுதான் காட்டினார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: ஏமாற்று வேலையாகவும் இருக்கலாம், நல்ல கேப்டனாகவும் இருக்கலாம். எப்படிப் பிரித்தறிவது என்று சொல்கிறேன்.

வட்டப் பவளத்தீவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே காயல், சுற்றிலும் பவளச் சுவர், அந்தச் சுவரில் ஒன்றோ இரண்டோ திறப்புகள். கடல் ஏறி வற்றும்போது காயலின் மொத்தத் தண்ணீரும் அந்தத் திறப்பு வழியாகத்தான் போய்வர வேண்டும். வற்றும் நேரத்தில் வெளியே பாயும் நீரோட்டம் எதிரே வரும் அலையோடு மோதினால், வாயிலில் தண்ணீர் சுவர் மாதிரி எழும்பி நிற்கும். அதனால் ஏற்றமும் வற்றமும் மாறும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கப்பல் நுழைய முடியும். அந்த நேரம் விடியற்காலையில் வந்தால் இன்னொரு சிக்கல். பல இடங்களில் கடல் வரைபடம் இன்றும் பழைய அளவீட்டை வைத்துப் போட்டதுதான். கடைசியில் கண்ணை நம்பித்தான் ஓட்ட வேண்டும். சூரியன் உயரத்தில், முதுகுக்குப் பின்னால் இருந்தால் தண்ணீர் நிறம் பேசும். கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல் திட்டு, பழுப்பு என்றால் பவளம் கப்பலின் அடியைத் தொடும் உயரத்தில் இருக்கிறது. சூரியன் எதிரே தாழ்ந்து இருந்தால் எல்லாமே ஒரே வெள்ளித் தகடு, ஒன்றும் தெரியாது. ஆக, நீர் ஏற்றமும் வெளிச்சமும் ஒத்துவராவிட்டால் அந்தத் தீவு அன்றைக்கு இல்லை.

ஏன் போகவில்லை என்பதை முந்தின நாள் இரவே வரைபடத்தை விரித்துச் சொல்லி, பதிலுக்கு வேறு இடம் காட்டினார்களா? அப்படியானால் நல்ல கேப்டன். காரணமே சொல்லாமல் கப்பல் நாள் முழுக்க நங்கூரத்தில் நின்றதா? பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பவளத்தீவுப் பயணத்தில் பயணத்திட்டம் என்பது விருப்பப் பட்டியல்தான். அதை முன்பணம் வாங்கும்போதே சொல்லாதது அவர்கள் தப்பு.

கேள்வி: பவளத்தீவு ஏன் வளையமாக இருக்கிறது என்று என் பையன் கேட்கிறான். (எனக்கும் தெரியாது!)

பதில்: பையனுக்கு நல்ல கேள்வி வந்திருக்கிறது. முதலில் ஒரு எரிமலைத் தீவு. அதன் கரையை ஒட்டிப் பவளம் வளர்கிறது. எரிமலை அணைந்து மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ்கிறது. பவளத்துக்கு வெளிச்சம் வேண்டுமே, அது விடாமல் மேல்நோக்கி வளர்கிறது. ஒரு கட்டத்தில் மலை மொத்தமும் மூழ்கி, சுற்றி வளர்ந்த வளையம் மட்டும் மிஞ்சுகிறது. டார்வின் இதை 1842-இல் புத்தகமாகவே எழுதிவிட்டார். ரொம்ப நாள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. 1952-இல் மார்ஷல் தீவுகளின் எனிவெடாக்கில் துளை போட்டபோது, ஒரு கிலோமீட்டருக்கும் மேலான சுண்ணாம்புப் பாறைக்குக் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது.

கேள்வி: பவளமெல்லாம் வெளுத்துச் செத்துவிட்டதாமே. இனிப் போய் எதைப் பார்ப்பது?

பதில்: பாதி உண்மை. கடல் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே பவளம் தனக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிடும். நிறமும் உணவும் அந்தப் பாசி கொடுத்தவை. வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை, பட்டினி கிடக்கிறது. வெப்பம் சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். உலகளாவிய வெளுப்பு முதலில் 1998-இல் பதிவானது. நான்காவது நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். அதனால் ‘கன்னித்தன்மை மாறாத பவளம்’ என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்ப வேண்டாம். அதே சமயம், குளிர்ந்த நீரோட்டம் வந்து மோதும் பக்கம் திட்டுகள் இன்னும் அடர்த்தியாக இருக்கின்றன. ஒரே தீவில் ஒரு பக்கம் சாம்பல் காடு, மறுபக்கம் நெருக்கமான பவளம் என்று பார்க்கலாம். நல்ல வழிகாட்டி இரண்டு பக்கமும் கூட்டிப் போவார்.

கேள்வி: சன்ஸ்கிரீன் போடக் கூடாதா?

பதில்: பவளத்துக்குக் கேடு என்று கருதப்படும் ஆக்ஸிபென்சோன் உள்ளிட்ட ரசாயனங்கள் கலந்ததை பசிபிக் தீவு நாடான பலாவ் 2020-இலும், ஆக்ஸிபென்சோனோ ஆக்டினாக்ஸேட்டோ உள்ளதை விற்பதை ஹவாய் 2021-இலும் தடை செய்துவிட்டன. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நீந்துங்கள். குப்புற மிதக்கும்போது வெந்து போவது முதுகும் கெண்டைக்காலின் பின்பக்கமும்தான். துணிதான் அதற்குச் சரியான மருந்து.

கேள்வி: பவளத்தில் உரசிக் கால் கிழிந்தால்?

பதில்: சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். பவளத் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் வாரக்கணக்கில் சீழ் வைக்கும். நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துணுக்கை எடுத்துவிட்டு மருந்து போட வேண்டும். விஷ முள் உள்ள கல்மீன் குத்தினால் விஷயம் வேறு. தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் காலை வைத்தபடி உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அழகான கூம்புச் சங்கு கிடந்தால் கையில் எடுக்கவே கூடாது. உள்ளே உயிர் இருந்தால் ஆளையே கொல்லும்.

கேள்வி: கடைசி நாள் டைவிங் முடித்து அன்றைக்கே விமானம் பிடிக்கலாமா?

பதில்: கூடாது. பல நாள் டைவ் செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். மருத்துவ வெளியேற்றக் காப்பீடும் எடுத்துவிடுங்கள். டைவிங் கோளாறுக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள மருத்துவமனை ஒரு பகல் தூரத்தில் இருக்கலாம்.

கேள்வி: கப்பலில் வைஃபை கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். நம்பாதீர்கள்.

கேள்வி: கேமரா லென்ஸ் முழுக்க நீராவி படிந்து காலை நேரமே வீணாகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஏசி அறையில் இரவு முழுக்கக் குளிர்ந்த கேமராவை ஈரக் காற்றுக்குக் கொண்டுவருகிறீர்கள், அதனால்தான். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிய பையோடு வெளியே வைத்துவிடுங்கள். துணியால் துடைத்துக்கொண்டே இருந்தால் மறுபடி மறுபடி படியும்.

கேள்வி: தீவுக் கிராமங்களுக்குப் போனால் எப்படி நடந்துகொள்வது? குழந்தைகளுக்கு மிட்டாய் எடுத்துப் போகலாமா?

பதில்: மிட்டாய் வேண்டாம். பிள்ளைகள் கப்பலைக் கண்டால் கை நீட்டப் பழகிவிடுவார்கள், பல் வைத்தியரும் பக்கத்தில் இல்லை. ஃபிஜியில் கிராமத்துக்குள் நுழையும் முன் யாங்கோனா (காவா பானம் செய்யும் செடி) வேர்க்கட்டு ஒன்றைத் தலைவர் முன் வைத்து அனுமதி கேட்பது முறை. தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். ராஜா அம்பாட்டில் ‘சாசி’ என்று ஒரு வழக்கம் உண்டு, ஊரே கூடிக் கடலின் ஒரு பகுதியை மாதக்கணக்கில் மீன்பிடிக்கு மூடிவிடும். பசிபிக் தீவுகள் பலவற்றில் கரையும் பவளத் திட்டும் ஊராருக்குச் சொந்தம். நுழைவுக் கட்டணம் கேட்டால் பேரம் பேசாதீர்கள், அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிறீர்கள்.

கேள்வி: நாங்கள் வருவதே பவளத்துக்குக் கேடு இல்லையா? மனசு உறுத்துகிறது.

பதில்: உறுத்தட்டும், தப்பில்லை. கப்பல் புகை விடுகிறது, அதை மறைக்க முடியாது. ஆனால் கண்ணெதிரே நடக்கும் பெரிய சேதம் நங்கூரம். காற்று திரும்பும்போதெல்லாம் கப்பல் சுற்றும், கனமான சங்கிலி பவளத்தை ஏர் உழுத மாதிரி புரட்டிப் போட்டுவிடும். ‘மிதவையில் கட்டுவீர்களா, நங்கூரம் போடுவீர்களா? போட்டால் மணலிலா?’ என்று முன்பதிவின்போதே கேளுங்கள். பிளாஸ்டிக்கைக் கடலில் போடுவது சர்வதேச விதிப்படி எங்கேயும் குற்றம். சுத்திகரிக்காத கழிவுநீரை நிலத்திலிருந்து 12 கடல் மைலுக்குள் விடக் கூடாது. கழிவுத் தொட்டி எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டுப் பாருங்கள், தலைமைப் பொறியாளர் சந்தோஷமாகக் கூட்டிப் போய்க் காட்டுவார். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதே இல்லை.

உங்கள் பங்குக்கு, ஒவ்வொரு தீவுக்கும் முன்னால் செருப்பு அடியை பிரஷ்ஷால் தேய்த்து விதைகளை நீக்கிவிடுங்கள். இருட்டியதும் அறையின் ஜன்னல் திரையை மூடுங்கள். வெளிச்சத்தைப் பார்த்துக் கடற்பறவைகள் வந்து மோதி விழும். விழுந்து கிடந்தால் நீங்கள் எடுக்காமல் எங்களைக் கூப்பிடுங்கள், அட்டைப்பெட்டியில் வைத்திருந்து விளக்குகளை அணைத்த பிறகு விட்டுவிடுவோம்.