தூக்கத்தைப் படிக்கலாமா? பாஸ்டன் வந்திருக்கும் வியாசர்பாடித் தம்பிக்கு

வியாசர்பாடியிலிருந்து நியூரோசயன்ஸ் பிஎச்.டி. படிக்க பாஸ்டன் வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். முதல் வருட ரொட்டேஷனில், அதாவது லேபைத் தேர்ந்தெடுக்கும் முன் சில லேப்களில் கொஞ்ச காலம் வேலை பார்த்துப் பழகும் கட்டத்தில், தூக்க ஆராய்ச்சி செய்யும் லேப் ஒன்று அவருக்குப் பிடித்துவிட்டது. "அக்கா, இதையே எடுத்தால் பின்னாடி வேலை கிடைக்குமா? 'தூங்குறதைப் படிக்கவா அமெரிக்கா போனே?'ன்னு வீட்டில் கேட்கிறார்கள். அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப முடியுமா? குளிர்காலத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது." நான் ராயபுரத்துக்காரி. இதே ஊரில் இதே துறையில்தான் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. தயங்க வேண்டாம். எந்த லேப், எந்தக் கேள்வி என்பதில் மட்டும் கவனமாக இருங்கள்.

வீட்டுக்காரர்களின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். பாடம் நடக்கும்போதே தூங்கி விழும். தோழி ஏதாவது சொல்லி வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிடும். நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். வாத்தியார் சோம்பேறி என்பார், பக்கத்து வீட்டில் வலிப்பு என்பார்கள், பாட்டி மந்திரிக்கக் கூட்டிப்போவார். அது நார்கோலெப்ஸி. 1998இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக, மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸில் ஒரு ரசாயனத்தைக் கண்டுபிடித்தன. ஒரு குழு ஓரெக்ஸின் என்றது, இன்னொன்று ஹைபோகிரெட்டின் என்றது. அடுத்த வருடமே ஸ்டான்ஃபோர்டில், சாப்பாட்டைப் பார்த்த சந்தோஷத்தில் சுருண்டு விழும் டாபர்மேன் நாய்களுக்கு அந்த ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் ரிசெப்டரின் மரபணு கெட்டிருப்பது தெரிந்தது. 2000இல் மனிதர்களிடம் பார்த்தார்கள். நார்கோலெப்ஸி உள்ளவர்களின் மூளையில் அந்த ரசாயனத்தைச் சுரக்கும் செல்களில் பெரும்பகுதியே இல்லை. சோம்பேறி என்று பிரம்படி வாங்கிய பிள்ளையிடம் "உன் மேல் தப்பே இல்லை, உன் மூளையில் இன்ன செல்கள் அழிந்துபோயிருக்கின்றன" என்று சொல்ல முடிகிறதே, அதற்காக இந்தத் துறைக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுக்கலாம். நம்மை விழித்திருக்க வைக்கும் அதே ஓரெக்ஸினைத் தடுக்கும் சுவோரெக்ஸன்ட் 2014இல் தூக்கமின்மைக்கு மருந்தாக வந்தது. ஓரெக்ஸின் போலவே வேலை செய்யும் மருந்துகளை நார்கோலெப்ஸிக்காகச் சில வருடங்களாகச் சோதித்து வருகிறார்கள்.

அமுக்குவான் பேய் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கண் விழித்தாயிற்று, கை கால் அசையவில்லை, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்கள் வேகமாக ஓடும் ரெம் தூக்கத்தை அடையாளம் கண்டார்கள். அந்தத் தூக்கத்தின்போது மூளைத்தண்டு உடம்பின் தசைகளைத் தளர்த்திப் பூட்டிவைக்கிறது என்பதை அதற்கப்புறம் பிரான்ஸின் லியோனில் மிஷேல் ஜூவே பூனைகளில் காட்டினார். விழிப்பு வந்த பிறகும் அந்தப் பூட்டு சில நொடி விடாமல் இருந்தால், அதுதான் அமுக்குவான். பூட்டு சரியாக விழாமல் போனால் ஆள் கனவில் போடும் சண்டையைக் கட்டிலிலும் போடுவார், பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கு அடி விழும். இதை 1986இல் மினசோட்டாவில் ஷென்க்கும் மஹோவால்டும் தனி நோயாக விவரித்தார்கள். நடுத்தர வயதைத் தாண்டி இது வந்தவர்களில் பெரும்பாலானோருக்குப் பல வருடம் கழித்து பார்க்கின்சனோ அதைச் சார்ந்த நோயோ வருகிறது. கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே தூக்கம் தகவல் சொல்லிவிடுகிறது. தூங்குவதைப் படிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

சரி, அன்றாட வேலைக்கு வருவோம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சுண்டெலி லேபா, மனித லேபா என்பதை வைத்துத்தான் உங்கள் ராத்திரிகள் அமையும். சுண்டெலிகள் பெரும்பாலும் பகலில் தூங்கும். அதனால் அவற்றின் தூக்கத்தைப் பகலிலேயே பதிவு செய்யலாம். கஷ்டம் வேறு மாதிரி வரும். தூக்கத்தைப் பறித்துப் பார்க்கும் சோதனை என்றால் ஆறு மணி நேரம் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எலி கண் சொருகும் ஒவ்வொரு முறையும் கூண்டை மெல்லத் தட்டி, புதுப் பஞ்சைப் போட்டு எழுப்ப வேண்டும். எழுந்து போகவும் முடியாது, கவனம் சிதறவும் கூடாது.

மனித லேபில் வேலை சாயங்காலம் தொடங்கும். வந்தவரின் தலையை டேப்பால் அளந்து, பென்சிலால் குறி வைத்து, ஒவ்வொரு குறியையும் ஜெல் போட்டுத் தேய்த்து, பேஸ்ட் வைத்து, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் எலக்ட்ரோடை ஒட்ட வேண்டும். தலையில் எண்ணெய் இருந்தால் ஒட்டாது. நம்மூர் அம்மாக்கள் வந்தால் முந்தின நாளே போன் செய்து சொல்லிவிடுவேன். விளக்கை அணைத்த பிறகு பக்கத்து அறையில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காருவோம். திரையில் ஒரு பக்கத்துக்கு 30 நொடிப் பதிவு. எட்டு மணி நேரம் பதிவு செய்தால் 960 பக்கம். ஒவ்வொன்றுக்கும் இது விழிப்பு, இது என்1, இது என்2, இது என்3, இது ரெம் என்று குறிக்க வேண்டும். என்1 லேசான தூக்கம், என்3 ஆழ்ந்த தூக்கம். என்2இல் கதிர் போலத் தடித்துச் சிறுக்கும் ஸ்பிண்டில் என்ற குட்டி அலைக்கூட்டம் வரும். என்3இல் பெரிய மெதுவான அலைகள். அப்புறம் திடீரென்று தாடைத் தசையின் கோடு படிந்துபோகும், இரண்டு கண்களின் கோடுகளும் எதிரெதிராகத் துள்ளும். எத்தனை வருடம் ஆனாலும் அந்தப் பக்கம் வரும்போது நான் நிமிர்ந்து உட்காருவேன். அங்கே ஒருவர் கனவுக்குள் போகிறார், நமக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் இந்தக் குறிக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் நன்றாகவே செய்துவிடும். ஆனாலும் சில நூறு ராத்திரிகளைக் கையால் குறித்துப் பழகுங்கள். புரோகிராம் எங்கே தடுமாறுகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குப் படும். கூடவே பைத்தானில் சிக்னல் அலசும் வேலையை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். நாளைக்குப் பேராசிரியர் வேலை அமையாவிட்டாலும் மருந்துக் கம்பெனி, கையில் கட்டும் வாட்ச் செய்யும் கம்பெனி, மருத்துவமனைத் தூக்க மையம் என்று பல கதவு திறக்கும். வேலை கிடைக்குமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இனிமேல்தான். வட சென்னைக்காரராகிய உங்களிடம் இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. தூக்கம் எப்படியெல்லாம் உடையும் என்று பார்த்து வளர்ந்திருக்கிறீர்கள். என் அப்பாவுக்குத் துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட். காலையில் வந்து அந்த ஒரே அறையில் படுப்பார். அவர் படுத்திருக்கும்போது அம்மா குக்கர் வைக்கவே மாட்டார், விசில் சத்தத்துக்குப் பயந்து சோறு வடித்துத்தான் இறக்குவார். தெருவில் தண்ணி லாரி வந்தால் எல்லாம் போச்சு. காசிமேட்டில் ஊர் தூங்கும் நேரத்தில் படகு கிளம்பும், ஏலம் எடுக்கும் அம்மாக்கள் விடியுமுன்னே கூடையோடு நிற்பார்கள். ஹவுசிங் போர்டு வீடுகளில் வெக்கையும் கொசுவும் எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைச் சென்னையிலேயே அளந்திருக்கிறார்கள். குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் நடத்திய சோதனை 2021இல் வெளிவந்தது. கையில் அசைவை அளக்கும் கருவி கட்டிப் பார்த்தால், எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம் சொச்சம். ராத்திரித் தூக்கத்தைக் கூட்ட உதவிப் பொருட்களும் ஊக்கத்தொகையும் கொடுத்தார்கள். சராசரியாக 27 நிமிடம் கூடியது, ஆனால் வேலையிலோ வருமானத்திலோ முன்னேற்றம் தெரியவில்லை. வேலை இடத்திலேயே மதியம் ஒரு குட்டித் தூக்கம் போட விட்டபோது கவனமும் வேலைத்திறனும் மனநிலையும் மேம்பட்டன. தூங்கிய நேரத்துக்கான கூலி போனது என்பதும் உண்மை. எனக்கு இதில் தெரிவது, துண்டுதுண்டாக உடைந்த தூக்கத்தில் இன்னும் அரை மணி சேர்த்தால் போதாது, உடைப்பதை நிறுத்த வேண்டும் என்பது. உடைந்த தூக்கத்தில் ஸ்பிண்டிலும் மெதுவான அலையும் என்ன ஆகின்றன, வருடக்கணக்கில் அப்படித் தூங்கிய மூளை என்ன ஆகிறது என்பதை அமைதியான, ஏசி போட்ட லேபில் வளர்ந்த கேள்விகளை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கேள்வியை நீங்கள் கொண்டுபோய் வையுங்கள். ரொட்டேஷன் முடியும்போது பேராசிரியரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். காது கொடுத்துக் கேட்கிறாரா, "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளுகிறாரா என்பதை வைத்தே அந்த லேபில் சேரலாமா என்று முடிவு செய்யலாம். லேபின் பழைய மாணவர்களிடமும் தனியாகப் பேசுங்கள். எத்தனை வருடத்தில் முடித்தார்கள், ராத்திரி வேலை பார்த்த மறுநாள் லீவு கிடைத்ததா என்று கேளுங்கள். தூக்கத்தைப் படிக்கும் லேபில் மாணவர்களைத் தூங்க விடாவிட்டால் அங்கே போகாதீர்கள்.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச். மாணவர்களுக்குத் தரும் எஃப்31 உதவித்தொகை குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்களுக்குத்தான். பிஎச்.டி. முடித்து போஸ்ட்டாக் ஆராய்ச்சியாளராக இருக்கும் காலத்தில் கேட்கும் கே99 வகைக்கு அந்தத் தடை இருந்ததில்லை, அதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்க விடும் ஓ.பி.டி. 12 மாதம், நம் பாடத்துக்கு இன்னும் 24 மாதம். பல்கலைக்கழகம் எடுக்கும் எச்-1பி வேலை விசாவுக்கு லாட்டரி கிடையாது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு அடியிலும் இன்டர்நேஷனல் ஆபீஸில் கேட்டு உறுதி செய்யுங்கள். ஊருக்குத் திரும்ப நினைத்தாலும் வழி இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனத்தில் இந்த வேலை நடக்கிறது, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்தில் நடக்கிறது. திரும்பி வரும் விஞ்ஞானிகளுக்கென்றே ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப் உண்டு.

குளிரைவிட இருட்டுக்குத்தான் தயாராக வேண்டும். நம் ஊரில் டிசம்பரிலும் ஐந்தே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும். இங்கே நாலே காலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கு அல்லாமல் மூளையின் கடிகாரத்துக்கு வெளிச்சத்தைச் சொல்வதற்கென்றே சில செல்கள் உண்டு. அவை நேரடியாக வெளிச்சத்தை உணர்கின்றன என்று 2002இல் காட்டியது இங்கிருந்து ரயிலில் போகும் தூரத்தில் இருக்கும் பிரவுன் பல்கலைக்கழகத்தில்தான். அந்தச் செல்களுக்குக் காலை வெளிச்சம் வேண்டும். எழுந்ததும் அரை மணியாவது வெளியே நடங்கள், பனி கொட்டினாலும். வீட்டுக்கு ராத்திரி படுக்கையில் கிடந்தபடி போன் பேசாதீர்கள். காலை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் அங்கே கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அம்மாவும் வேலை முடித்து உட்கார்ந்திருப்பார்.

பணம் அனுப்பலாம், ஆனால் முதல் வருடம் பெரிய தொகையை வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாஸ்டனில் வாடகையே ஸ்டைபெண்டில், அதாவது பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகையில், பெரும்பங்கை எடுத்துவிடும். குளிருக்கு நல்ல கோட்டும் பூட்ஸும் வாங்கியாக வேண்டும், அதில் கஞ்சம் பார்க்காதீர்கள். மூன்று பேரோடு வீடு எடுத்து, வீட்டில் சமைத்துச் சாப்பிட்டால் சிறிய தொகை மிஞ்சும். அதை மாதம் தவறாமல் ஒரே தேதியில் அனுப்புங்கள். மருத்துவ அவசரத்துக்கென்று தனியாகக் கொஞ்சம் சேர்த்து வையுங்கள். அப்பாவோ அம்மாவோ சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறார்களா என்று தங்கச்சியிடம் கேளுங்கள். அப்படி இருந்தால் முதல் செலவு ஸ்லீப் டெஸ்ட்டுக்குத்தான் இருக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தமும் இதயமும் கெடும். டெஸ்ட்டுக்கு எங்கே கூட்டிப்போவது, தூக்கத்தில் மூச்சு நிற்காமல் காற்றை அழுத்தித் தரும் சிபாப் மெஷின் வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா என்பதெல்லாம் எனக்கு எழுதிக் கேளுங்கள். ஊரில் இருக்கும் டாக்டர் நண்பர்களிடம் விசாரித்துச் சொல்கிறேன்.