பதினான்காம் நாள் ஆட்சேபம்

வணக்கம் சார்,

பெங்களூர் பீன்யாவில் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜராக இருக்கிறேன். பம்புக்கான பாகங்களை அசெம்பிள் செய்து பெரிய கம்பெனிகளுக்குக் கொடுக்கிறோம். டர்னோவர் வருடத்துக்கு 140 கோடி அளவில். எங்களுக்கு ஷாஃப்ட், புஷ் எல்லாம் கடைந்து தருகிறவர்கள் ராஜகோபால நகரில் இரண்டு மூன்று மெஷின் போட்டிருக்கும் ஷெட்காரர்கள். பாதிப் பேர் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்கள்.

சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது என்று வருமான வரியில் வந்தது அல்லவா? அதற்கு எங்கள் முதலாளி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொன்னால், அது தீர்ந்த நாளிலிருந்துதான் கெடு ஆரம்பிக்குமாம். அதனால் பெரிய பில் எது வந்தாலும் பதினான்காம் நாள் "அளவில் வித்தியாசம், மறுபடி பார்க்க வேண்டும்" என்று நான் மெயில் போட வேண்டும். மூன்று வாரம் கழித்து "ஏற்றுக்கொள்கிறோம்" என்று இன்னொன்று. சரக்கில் ஒரு குறையும் இருக்காது. "சட்டம் கொடுத்த வழிதானே, திருடவா செய்கிறேன்? இது கம்பெனி, தர்ம சத்திரம் இல்லை" என்கிறார். வரி கன்சல்டண்டும் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, பையன் பி.யூ. (நம் ஊர் ப்ளஸ் டூ மாதிரி) படிக்கிறான். வேலையை விட முடியாது. சட்டப்படி சரி என்றால் மனசு ஏன் உறுத்துகிறது? ஷெட்காரர்களில் ஒருவர் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாமா?

ந.

அன்புள்ள ந.,

எழுத வருவதற்கு முன் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அதனால் உங்கள் கடிதத்தில் தேதிகள்தான் முதலில் கண்ணில் பட்டன. மனசாட்சிக்குப் பிறகு வருகிறேன்.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டத்தில் நீங்கள் சொல்லும் விதி இருக்கிறது. சரக்கு வந்து சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்திருந்தால் மட்டும், சப்ளையர் அந்தக் குறையைத் தீர்த்த நாள். கெட்ட சரக்கை அனுப்பிவிட்டு 45-ஆம் நாள் பணம் கேட்டு யாரும் வந்து நிற்கக் கூடாதே என்று வைத்த விதி இது, நியாயமானதும்கூட. ஆனால் நல்ல சரக்குக்குக் குறை எழுதலாம் என்று அந்தச் சட்டத்தில் எந்த வரியும் கிடையாது. உங்கள் கன்சல்டண்ட் "தப்பில்லை" என்று சொன்னதை "யாரும் நிரூபிக்கப் போவதில்லை" என்று எடுத்துக்கொள்ளுங்கள். வியாபாரத்தில் இந்த இரண்டும் ஒன்றாகவே புழங்குகின்றன. அனுமதி இருக்கிறதா என்று கேட்டால் மாட்டிக்கொள்வோமா மாட்டோமா என்பதற்குப் பதில் வருகிறது.

நிரூபிக்க முடியாது என்பதையும் நான் அவ்வளவு சுலபமாக நம்ப மாட்டேன். அளவு சரியில்லை என்று நீங்கள் மெயில் போட்ட ஷாஃப்ட், அநேகமாக அதே வாரம் உங்கள் அசெம்பிளி லைனுக்குப் போயிருக்கும். ஸ்டோர் இஷ்யூ சீட்டில் தேதி இருக்கும். அது பம்புக்குள் உட்கார்ந்து வாடிக்கையாளருக்குப் போன பில்லிலும் தேதி இருக்கும். குறையுள்ள பாகத்தைத் தெரிந்தே விற்றீர்களா, இல்லை குறை என்றது பொய்யா? ஒரு ஆடிட்டர் இந்த மூன்று காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். அப்போது மெயிலின் அடியில் இருப்பது உங்கள் பெயர், முதலாளியுடையது இல்லை.

இன்னொன்று. 45 நாள் என்பது எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தான். இல்லையென்றால் 15 நாள். உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் பணம் தர வேண்டிய கெடு குறிப்பிட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

இந்தச் சட்டங்கள் வந்த வரிசையைப் பார்த்தால் உங்கள் முதலாளியைப் போன்றவர்கள் அதில் வழியெங்கும் தெரிவார்கள். சிறுதொழில்களுக்குத் தாமதமாகப் பணம் கொடுத்தால் வட்டி தர வேண்டும் என்று 1993-லேயே தனிச் சட்டம் வந்தது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2006 சட்டம் 45 நாள் வரம்பு வைத்தது, தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி என்றது. இந்தப் புகார்களை விசாரிக்கும் அரசு கவுன்சிலின் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுப் போ என்றது. 2017-ல் புகார் கொடுக்க சமாதான் என்று இணையதளம் திறந்தார்கள். இவ்வளவும் இருந்தும் பணம் வரவில்லை என்பதால்தான் 2023 நிதிச் சட்டத்தில் வருமான வரி வழியாக 43பி(எச்) வந்தது, நீங்கள் முதலில் சொன்ன அந்தச் செலவுக் கழிவு விதிதான். அது வந்ததும், சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா, இல்லையென்றால் ஆர்டர் இல்லை என்று வெண்டர்களை மிரட்டுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. உங்கள் பதினான்காம் நாள் மெயில் அதற்கு அடுத்த படி. இதை அடைக்கவும் ஒரு திருத்தம் வரலாம், வந்தால் இன்னொரு வழி பிறக்கும்.

சட்டம் ஏன் இப்படித் தோற்கிறது? புகார் கொடுக்க வேண்டியவர் ராஜகோபால நகர் ஷெட்காரர். அவருடைய ஆர்டரில் பாதிக்கு மேல் உங்களிடமிருந்தே வரலாம். உங்கள் மீது சமாதானில் புகார் போட்ட அன்று அவருடைய அடுத்த ஆர்டர் போய்விடும். சோறு போடுகிறவன் மேல் வழக்குப் போட்டால்தான் வேலை செய்யும் சட்டத்தை எழுதி வைத்திருக்கிறோம். அவர் வாய் திறக்க மாட்டார் என்ற தெம்பில்தான் உங்கள் ஆபீஸில் அந்த மெயில் எழுதப்படுகிறது.

அவர் பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 5 லட்சம் ரூபாய்க்குப் பில் போடுகிறார், 18 சதவீத ஜி.எஸ்.டி. 90,000. நீங்கள் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அடுத்த மாதம் 20-ஆம் தேதி அந்த 90,000-ஐ அவர் அரசுக்குக் கட்டியாக வேண்டும். கைக்காசு அல்லது வட்டிக்காசு. அவர் கட்டியதை உங்கள் கம்பெனி உள்ளீட்டு வரியாக எடுத்துத் தன் வரியில் கழித்துக்கொள்கிறது. அதாவது அவருக்கு ஒரு பைசா தருவதற்கு முன்பே அவர் காசில் நீங்கள் உங்கள் வரியைக் கட்டுகிறீர்கள். 180 நாளுக்குள் பணம் கொடுத்துவிட்டால் ஜி.எஸ்.டி. சட்டத்தில் இதற்கு ஒரு தடையும் இல்லை. இது முழுக்கச் சட்டப்படி சரி, சந்தேகமே வேண்டாம். மனசு ஏன் உறுத்துகிறது என்று கேட்டீர்களே, நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. 15-ஆம் தேதி. வாடகை, கரண்ட் பில், மெஷின் லோன் எதுவும் காத்திருக்காது. காத்திருக்கக் கூடியது அவருடைய ஆபரேட்டரின் சம்பளம் ஒன்றுதான்.

தாமதத்தைக்கூட நான் ஓரளவு மன்னிப்பேன். குறை என்று எழுதுவது வேறு ஜாதிக் குற்றம். பணம் தாமதமானால் அவருக்கு வட்டி நஷ்டம், என்றாவது ஈடுகட்டிக்கொள்வார். உங்கள் ரெக்கார்டில் அவர் பெயருக்கு எதிரே மாதாமாதம் ரிஜெக்‌ஷன் ஏறிக்கொண்டே போகிறது. நாளைக்கு ஒரு பெரிய கம்பெனி அவரைப் புதிதாகச் சேர்க்கும் முன் உங்களிடம் விசாரித்தால் வெண்டர் ரேட்டிங்கில் இருப்பதைத்தானே சொல்வீர்கள்? உங்களுக்கு அடுத்து அந்த நாற்காலிக்கு வருகிறவருக்கு அது பொய் என்று தெரியவும் தெரியாது. கடைசல் பிடிக்கிறவனுக்கு மைக்ரான் கணக்குதான் மானம். ராத்திரி பத்து மணிக்கு மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்துப் பார்த்து அனுப்பிய லாட்டுக்கு "அளவில் வித்தியாசம்" என்று வந்தால், அவர் உங்களைச் சந்தேகிப்பதற்கு முன் தன் ஆபரேட்டரைத் திட்டியிருப்பார்.

உங்கள் முதலாளியைக் கொடுமைக்காரர் என்று நான் நினைக்கவில்லை. ஏப்ரல் 2025 முதல் 100 கோடி டர்னோவர் வரைதான் சிறு நிறுவனம். 140 கோடியில் அவர் நடுத்தரம். 45 நாள் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும்தான் என்பதால் அவருக்குக் கிடைக்காது. மேலே இருக்கிற கம்பெனி 90 நாள், 120 நாள் என்று இழுத்தால் அவர் எந்தச் சட்டத்தைக் காட்டுவார்? எனக்கு அவர் மேல் பரிதாபம்கூட உண்டு. ஆனால் அந்தப் பரிதாபத்தை வைத்து அந்த மெயிலை நியாயப்படுத்த முடியவில்லை.

அவர் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறார் என்று யாராவது கணக்குப் போட்டார்களா? மார்ச் 31 அன்று கெடு தாண்டிய பாக்கி 1 கோடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் செலவு இந்த வருடம் கழியாது, கம்பெனி வரி சுமார் 25 லட்சம் கூடும். அந்தப் பணம் போயே போய்விடுவதில்லை. அடுத்த வருடம் பாக்கியைத் தீர்த்ததும் அந்த 1 கோடி அப்போது செலவாகக் கழியும். ஆக, நஷ்டம் 25 லட்சத்துக்கு ஏறக்குறைய ஒரு வருட வட்டி. பத்து சதவீதம் என்றால் இரண்டரை லட்சம். 140 கோடி வியாபாரத்தில் இரண்டரை லட்சத்துக்காக ஒரு மேனேஜரை வருடம் முழுக்கப் பொய் மெயில் போட வைத்திருக்கிறார்! இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். தர்மம் என்று பேச்சை எடுத்தால் சத்திரத்துக்குப் போய்விடுவார், எண் என்றால் உட்கார்ந்து பார்ப்பார்.

கூடவே ட்ரெட்ஸ் பற்றியும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற பில் தள்ளுபடித் தளங்கள் அவை. 250 கோடிக்கு மேல் டர்னோவர் உள்ள கம்பெனிகள் அதில் சேர்ந்தாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உத்தரவு வந்துவிட்டது. உங்களிடம் வாங்கும் பெரிய கம்பெனி அநேகமாக அந்தக் கணக்கில் வரும். நடுத்தர நிறுவனமும் அங்கே விற்பவராகச் சேரலாம். வாங்கியவர் பில்லை ஒப்புக்கொண்டதும் வங்கிகள் ஏலம் கேட்கும், ஒரு கழிவு போக உங்கள் முதலாளிக்குச் சில நாளில் பணம் வந்துவிடும். 120-ஆம் நாள் வங்கிக்குக் கட்ட வேண்டியது பெரிய கம்பெனி. அங்கே வரும் பணம் ராஜகோபால நகருக்குப் போகும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் கையில் காசில்லை என்ற காரணம் அதற்குப் பிறகு இருக்காது.

அண்ணா என்று கூப்பிடுகிறவரிடம் சொல்லலாமா என்கிறீர்கள். அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? குறை என்று மெயில் வருகிறது, சரக்கு திரும்பி வருவதில்லை. இரண்டாவது தடவையே புரிந்திருக்கும். அடுத்த கொட்டேஷனில் விலையையும் ஏற்றியிருப்பார், பழைய ஃபைலை எடுத்துப் பாருங்கள். தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொன்னால் உங்கள் பாரம் குறையும், அவருக்கு அதை வைத்துச் செய்ய ஒன்றும் இல்லை. அதற்குப் பதில் ஒவ்வொரு லாட்டோடும் அளவு ரிப்போர்ட் இணைக்கச் சொல்லுங்கள். டெலிவரி சலானில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆட்சேபம் வந்தால் அன்றே எழுத்தில் பதில் போடச் சொல்லுங்கள். எந்த பர்ச்சேஸ் மேனேஜரும் எந்த வெண்டரிடமும் சொல்கிற விஷயம்தான் இது. ரகசியம் எதுவும் இல்லை, யாருக்கும் துரோகமும் இல்லை.

வேலையை விடுங்கள் என்று எழுத மாட்டேன். வீட்டுக் கடன் இல்லாத எழுத்தாளர்கள் அப்படி எழுதிக்கொள்ளட்டும். தரம் பார்க்கும் கியூ.சி. ஆள் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் இல்லாமல் ஆட்சேப மெயில் அனுப்ப மாட்டேன், ஆடிட்டில் முதலில் மாட்டுவது நான்தான் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பயத்தைக் காரணமாகச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆபீஸில் கொள்கையை விட அது சீக்கிரம் காதில் ஏறும். அப்படியும் மெயில் போயே ஆக வேண்டும் என்றால், அது அவருடைய ஐ.டி.யிலிருந்து, அவருடைய பெயரில் போகட்டும் என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.