ராணி தலை வெள்ளியும் செல்லாத நோட்டும்: வாசகர் கேள்வி பதில்

பழைய நாணயம் பற்றிக் கேட்கலாம் என்று போன இதழில் ஒரு வரி போட்டோம். வந்த கடிதங்களைப் பார்த்தால், டிரங்குப் பெட்டி இல்லாத வீடே தமிழ்நாட்டில் இல்லை போலிருக்கிறது. "இது எவ்வளவுக்குப் போகும்?" என்று மட்டும் கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து முதல் கேள்வியிலேயே பதில் இருக்கிறது.

கேள்வி (வாசகி, கும்பகோணம்): பாட்டி தவறிய பிறகு அவர் பெட்டியைத் திறந்தால், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் 43 வெள்ளி ரூபாய். ராணி தலை, தாடி ராஜா தலை எல்லாம் கலந்து கிடக்கிறது. நகைக்கடையில் காட்டினேன். "செல்லாத காசும்மா, வெள்ளி விலைக்கு எடுத்துக்கறோம், கழிவு போக" என்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

பதில்: பொறுங்கள். முதலில் அந்த 43ஐயும் ஒரு பழைய வேட்டியில் கொட்டித் தலை தலையாகப் பிரியுங்கள். பெண் தலை விக்டோரியா. கிரீடம் இல்லாத வழுக்கைத் தலை ஏழாம் எட்வர்டு. கிரீடமும் தாடியும் இருந்தால் ஐந்தாம் ஜார்ஜ். கிரீடத்தோடு மழித்த முகம் ஆறாம் ஜார்ஜ். அப்புறம் பின்பக்கம் திருப்பி வருஷத்தைப் பாருங்கள்.

1835லிருந்து 1939 வரைக்கும் அடித்த ரூபாய்க்கு எடை 11.66 கிராம். சரியாக ஒரு தோலா, அந்தக் காலத்து எடை அளவு. நாட்டு மருந்துச் சீட்டில் "சுக்கு ஒரு ரூபாய் எடை" என்று எழுதியிருப்பார்களே, அந்த ரூபாய் இதுதான். பன்னிரண்டு பங்கில் பதினோரு பங்கு வெள்ளி. தங்கத்தில் 916 என்று கேட்டுப் பழகிய நமக்கு இது தெரிந்த கணக்குதான். ஆக ஒரு காசுக்குள் ஏறக்குறைய 10.7 கிராம் சுத்த வெள்ளி இருக்கும். கை பட்டுத் தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும். அன்றைய கிராம் விலையை 10.7 ஆல் பெருக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள், கழிவு என்ற பேச்சின் நீளம் குறையும். ஆனால் 1940லிருந்து வந்த ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயில் பாதிதான் வெள்ளி, மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். எடை அதேதான் இருக்கும் என்பதால் தராசை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். 1947 என்று போட்டு, பின்பக்கம் புலி நடந்து போனால் அது சுத்த நிக்கல். காந்தம் வைத்தால் ஒட்டும்.

இது வெள்ளிக் கணக்கு மட்டும். சேகரிப்பவர் கணக்கு வேறு. 43ல் 40 சாதாரணமாக இருக்கலாம், மூன்று அப்படி இல்லாமல் போகலாம். 1911 என்று போட்ட ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இருக்கிறதா என்று பாருங்கள். ராஜாவின் மார்பில் தொங்கும் சங்கிலியில் ஒரு குட்டி யானை உண்டு. தும்பிக்கையைச் சின்னதாகச் செதுக்கிவிட்டதால் பன்றி மாதிரி தெரிந்தது. முஸ்லிம்களுக்கு ஆகாத, பலருக்கும் பிடிக்காத உருவம் என்று புரளி கிளம்பி, அரசாங்கமே காசைத் திரும்ப வாங்கி உருக்கிவிட்டது. சுமார் 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது. அடுத்த வருஷம் தும்பிக்கையை நீட்டிச் சரிசெய்தார்கள். 1939 ரூபாயும் அபூர்வம், ஆனால் அதில் போலி அதிகம், கடைசி 9 என்ற இலக்கத்தை மட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் தனியாகப் பாருங்கள். மாறாக 1840, 1862 என்ற வருஷங்களைப் பார்த்து "நூற்றைம்பது வருஷப் பழசு" என்று துள்ள வேண்டாம். 1862க்கு அப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் அடித்த காசிலெல்லாம் அதே 1862தான், அச்சில் வருஷத்தை மாற்றவேயில்லை. பின்பக்கம் இருக்கும் சின்னப் புள்ளிகளை எண்ணித்தான் எந்த வருஷத்துக் காசு என்று பிரிக்கிறார்கள். அது ஒரு தனிப் பைத்தியம், எனக்கும் உண்டு.

கடைசியாக ஒன்று, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: தேய்க்காதீர்கள். விபூதி போட்டுத் தேய்த்தால் வெள்ளி பளிச்சென்று ஆகும் என்பது குத்துவிளக்குக்குச் சரி. கல்லூரியில் படிக்கும்போது எனக்குக் கிடைத்த ஒரு வில்லியம் ராஜா ரூபாயை (1835) புளி போட்டு ஊறவைத்து, விபூதியால் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கிக்கொண்டு ஒரு பெரியவரிடம் போய்க் காட்டினேன். வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், கன்னத்து மேட்டில் மெல்லிய கோடு கோடாகக் கீறல். ஒன்றும் சொல்லாமல் மேஜைமேல் வைத்துவிட்டு டீ சொன்னார். அந்தக் கறுப்பும் ஊதாவும் கலந்த படலம் நூறு வருஷம் உட்கார்ந்து வந்தது, எடுத்தால் திரும்ப வராது. காது வைத்துப் பற்றவைத்து மாலையில் கோத்த காசுக்கும் இதே கதிதான், வெள்ளி விலைக்கு மேல் போகாது. ஹார்லிக்ஸ் பாட்டில் தாராளமாகப் போதும். மெத்தென்ற பிளாஸ்டிக் உறைதான் வேண்டாம், நாளாவட்டத்தில் பச்சைப் பிசின் கட்டும்.

கேள்வி (வாசகர், தேனி): 2016ல் நடந்த மாதிரி அந்தக் காலத்திலும் வெள்ளி ரூபாயைச் "செல்லாது" என்று அறிவித்தார்களா? வைத்திருந்தவர்கள் நஷ்டப்பட்டார்களா?

பதில்: அறிவித்தார்கள், ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு இல்லை. 1940 நடுவில், இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் விழுந்ததும் இங்கே ஜனங்கள் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து வெள்ளி ரூபாயாக வாங்கிப் பதுக்க ஆரம்பித்தார்கள். அரசாங்கம் ஒரு பக்கம் தேவைக்கு மேல் சில்லறை சேர்ப்பதைக் குற்றமாக்கியது, ஒரு பக்கம் ஒரு ரூபாய் நோட்டை இறக்கியது, அப்படியே காசில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. பிறகு பழைய காசைத் தவணை தவணையாகத் திரும்ப வாங்கினார்கள். விக்டோரியா தலை 1941ல், எட்வர்டு தலை 1942ல், ஜார்ஜ் தலை போட்ட பழைய நல்ல வெள்ளி 1943ல் செல்லாமல் போயின.

நஷ்டமா என்றால், யோசித்துப் பாருங்கள். 1893ல், யார் வேண்டுமானாலும் வெள்ளிக் கட்டியைக் கொடுத்து ரூபாயாக அடித்து வாங்கும் வழியை நாணயச்சாலைகள் மூடிவிட்டன. அதற்குப் பிறகு பெரும்பாலும் காசுக்குள் இருந்த வெள்ளியின் விலை ஒரு ரூபாய்க்குக் குறைவாகத்தான் இருந்தது. அதனால் 1941ல் விக்டோரியா ரூபாயை மாற்றாமல் விட்டவர், காகிதக் கணக்கில் கொஞ்சம் தோற்றார். மாற்றியவருக்குக் கிடைத்த ஒரு ரூபாய் நோட்டு இன்று என்ன வாங்கும்? மாற்றாதவரின் பேத்தி கும்பகோணத்திலிருந்து கடிதம் எழுதுகிறார். செல்லாக் காசு என்று ஆளைத் திட்டுகிறோமே, வெள்ளிக் காசைப் பொறுத்தவரை அந்த வசவே பொருந்தாது. அரசாங்கம் தலையைத்தான் எடுக்க முடியும், உடம்பு அப்படியே இருக்கும். நோட்டுக்கு உடம்பே கிடையாது.

கேள்வி (வாசகி, திருப்பூர்): கல்யாணப் புடவையின் மடிப்பில் 14 பழைய ஆயிரம் ரூபாய் நோட்டு கிடைத்தது. அம்மா ஒளித்து வைத்தது. இப்போது மாற்ற முடியுமா? வைத்திருந்தால் குற்றம் என்கிறார் என் கணவர், உண்மையா?

பதில்: எல்லா வீட்டிலும் ஒரு அம்மா, ஒரு புடவை மடிப்பு! மாற்ற முடியாது, அந்தக் கதவு மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. கணவர் சொல்வதிலும் உண்மை உண்டு. 2017ல் வந்த சட்டப்படி 2016ல் செல்லாமல் போன 500, 1000 நோட்டுகளில் எல்லாம் சேர்த்துப் பத்துக்கு மேல் ஒருவர் வைத்திருக்கக் கூடாது. படிப்பு, ஆராய்ச்சி, நாணயச் சேகரிப்பு என்றால் 25 வரை விட்டிருக்கிறார்கள். மீறினால் அபராதம் பத்தாயிரம் ரூபாய், அல்லது நோட்டு மதிப்பைப் போல ஐந்து மடங்கு, எது அதிகமோ அது. உங்கள் 14க்கு ஐந்து மடங்கு 70,000 ஆகிறது. எனவே ஒன்று ஆல்பம் வாங்கி ஒழுங்காகச் சேகரிப்பாளர் ஆகிவிடுங்கள், இல்லை நாலு நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பத்தை அம்மா ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள். விற்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் காது கொடுக்காதீர்கள்.

ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாமல் போனது அதுதான் முதல் தடவை என்று பலர் நினைக்கிறார்கள். 1946 ஜனவரியில் 500, 1000, 10,000 நோட்டுகள் போயின. 1954ல் ஆயிரம் திரும்பி வந்தது. மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது, 1978 ஜனவரியில், 5,000, 10,000 நோட்டுகளோடு சேர்ந்து மறுபடியும் போனது. அந்த ஆயிரத்தின் பின்பக்கத்தில் இருந்தது நம் தஞ்சாவூர்ப் பெரிய கோயில். உங்கள் நோட்டில் எண்ணெய்க் கிணற்று மேடையும் அறுவடைக் காட்சியும் இருக்கும், அவ்வளவு அழகில்லை.

கேள்வி (வாசகர், கடலூர்): ராமர் பட்டாபிஷேகம் போட்ட, 1818 என்று வருஷம் உள்ள கிழக்கிந்தியக் கம்பெனிக் காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் கேட்கிறார். ஜி.எஸ்.டி. மட்டும் முன்பணமாகக் கட்டச் சொல்கிறார்.

பதில்: கட்டாதீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவேயில்லை. கோயில் வாசலில் விற்கிற வில்லை அது, பூஜையறையில் இருக்கட்டும். வாங்குகிறவன் உங்களிடம் பணம் கேட்பானா? ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படிக் கமிஷனும் வரியும் பறிக்கிறார்கள் என்று 2021ல் வங்கியே எச்சரிக்கை விட்டது.

கேள்வி (வாசகர், புதுக்கோட்டை): வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கலயத்தில் காசு கிடைத்தால் அது என் சொத்துதானே?

பதில்: பாட்டி பெட்டி வேறு, மண்ணுக்குள் கிடப்பது வேறு. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போய், வழக்கும் வரும். உங்கள் ஊரில் சின்னச் செம்புக் காசாக, ஒரு பக்கம் அம்மனும் மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்றும் இருந்தால் அது சமஸ்தானத்து அம்மன் காசு. எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள், கலெக்டருக்குச் சொன்ன பிறகு.

கேள்வி (வாசகி, வேலூர்): பையனின் உண்டியல் நிறைய நாலணா. ஏதாவது தேறுமா?

பதில்: 25 காசும் அதற்குக் கீழே உள்ளதும் 2011 ஜூன் 30க்குப் பிறகு செல்லாது. காண்டாமிருகம் போட்டது என்றால் வெறும் எவர்சில்வர்தான், பல்லாங்குழிக்கு ஆகும். உண்டியலில் எட்டணா இருந்தால் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள், 50 காசு இன்னும் செல்லும். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.