முப்பதாயிரம் டாலருக்கு எல்எம்ஐஏ வாங்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இது: கல்லூரி முடித்தபின் கிடைத்த ஓப்பன் வொர்க் பெர்மிட் (எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கும் அனுமதி) வருகிற மார்ச்சோடு முடிகிறது. ஸ்கார்பரோவில் நீங்கள் வேலை பார்க்கும் உணவகத்து முதலாளி, முப்பதாயிரம் டாலர் கொடுத்தால் எல்எம்ஐஏ, அதாவது வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்க முதலாளி வாங்க வேண்டிய அரசு ஒப்புதல், எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

ஒரு காசு கொடுக்காதீர்கள். அவர் நல்லவரோ கெட்டவரோ, அது அவர் கையில் இல்லை.

2024 செப்டம்பர் 26 முதல், வேலையின்மை 6 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் பெருநகரங்களில் குறைந்த சம்பள வேலைக்கான எல்எம்ஐஏ விண்ணப்பத்தைக் கனடா அரசு பரிசீலனைக்கே எடுப்பதில்லை. எந்தெந்த நகரம் என்ற பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். 2025 முழுக்க டொராண்டோ அதில் இருந்தது. ஸ்கார்பரோ அதற்குள் அடக்கம். 2025 ஜூன் இறுதிக் கணக்குப்படி உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் மணிக்கு 36 டாலருக்குக் கீழே எல்லாமே குறைந்த சம்பளம்தான். உங்கள் கடை மாஸ்டருக்கே அவ்வளவு கிடையாது என்று நினைக்கிறேன். தாளில் 36 என்று எழுதிவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

அந்தத் திருப்பிக் கொடுக்கிற கதை எனக்குப் பழக்கம். 2012இல் பாத்திரம் கழுவவும் காய் நறுக்கவும் வந்தவன் நான். வெள்ளிக்கிழமை சம்பளச் செக் சரியாக வரும். சனிக்கிழமை இரவு கடை சாத்தியதும், மாவு வாளிகள் அடுக்கிய பின்னறையில் 150 டாலரை ரொக்கமாக எண்ணி வைக்க வேண்டும். பெர்மிட்டில் முதலாளி பெயர் அச்சடித்திருக்கும், வேறு கடை வாசல் மிதிக்க முடியாது. வாயைத் திறக்கவில்லை. (2019 முதல், இப்படி மாட்டிக்கொண்டவர்கள் தனி ஓப்பன் பெர்மிட் கேட்கலாம்.)

2014 ஜூனில் அன்றைய வேலைவாய்ப்பு அமைச்சர் ஜேசன் கென்னி இதே 6 சதவீதக் கோட்டைப் போட்டார். உணவகம், விடுதி, சில்லறைக் கடைகளில் அடிமட்ட வேலைகளுக்கு மட்டும். என் பெர்மிட்டைப் புதுப்பிக்க வழியில்லாமல், வேலையின்மை குறைவாக இருந்த, மேற்கே சாஸ்கட்செவன் மாகாணத்து ரெஜைனாவுக்குப் பஸ் ஏறினேன். கோவிடுக்குப் பின் ஆள் கிடைக்காமல் திண்டாடியபோது, 2022 ஏப்ரலில் அந்தத் தடையை எடுத்தார்கள். இரண்டே வருஷத்தில் திரும்பவும் போட்டார்கள். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி.

முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. என் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். போன கோடையில் காபிக் கடை, மளிகைக் கடை என்று நாற்பது இடத்தில் விண்ணப்பம் போட்டாள். ஓர் இடத்திலும் கூப்பிடவில்லை. அவளும் நீங்களும் நிற்பது ஒரே வரிசை. வரிசையைச் சின்னதாக்க வேண்டுமென்றால், ஓட்டில்லாத ஆளை வெளியே தள்ளுவதுதான் அரசாங்கத்துக்குச் சுலபம்.

இன்னொன்று. எல்எம்ஐஏ கட்டணமான 1000 டாலரை முதலாளிதான் கட்ட வேண்டும். தொழிலாளியிடம் வசூலிப்பது சட்டப்படி குற்றம். எல்எம்ஐஏ இருந்தால், நிரந்தரமாகத் தங்க ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 50 பாயின்ட் ஏறும் என்று ஏஜென்ட் சொல்லியிருப்பான். அந்தப் பாயின்டை 2025 மார்ச் 25 அன்றே எடுத்துவிட்டார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதியோர் பராமரிப்பு இல்லங்களின் சமையலறையில் வேலை தேடுவேன். மருத்துவமனை, பராமரிப்பு இல்லம், கட்டுமானம், உணவுப் பதப்படுத்தல், விவசாயம், இவற்றுக்கு அந்த 6 சதவீதத் தடை கிடையாது. நீங்கள் செய்கிற அதே வேலைதான், கட்டடம்தான் வேறு. பெர்மிட் கிடைத்தாலும் ஒரு வருஷம்தான், ஆனால் முதலாளி முறையாக எடுத்துத் தருகிற ஒரு வருஷம். என்னைப் போல மேற்கே போகிற யோசனை இருந்தால், போகுமுன் அன்றைய பட்டியலைப் பாருங்கள். சாஸ்கட்செவனும் 2025இல் உணவகத் துறைக்கான மாகாண நியமனத்துக்கு (நிரந்தரமாகத் தங்க மாகாணம் செய்யும் பரிந்துரை) உச்சவரம்பு வைத்துவிட்டது.

அப்படியும் போவதென்று முடிவெடுத்தால் சொல்லுங்கள். ரெஜைனா குளிருக்கு வாங்கிய கோட்டு இன்னும் என் அலமாரியில்தான் தொங்குகிறது. புதிதாக வாங்க வேண்டாம்.